கையில் தராத தண்ணீர்

எந்த ஊருக்குப் போனாலும் ஊரின் பெயர், போய்ச் சேர்ந்த நாள், மணி ஆகிய மூன்றையும் குறித்துவைப்பது என் பழக்கம். நாற்பது வருடங்களாக இதில் தவறியதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு தீவின் பெயரை மட்டும் எழுதவில்லை. புத்தளம் களப்பில், உச்சமுனைக்குப் படகில் போகிறவர்கள் தூரத்தில் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஒரு மணல்திட்டு என்று சொன்னால் போதும்.

நான் போனது ஒரு தேதியை ஒப்படைக்க. கீழக்கரையில் எங்கள் வீட்டில் பழைய குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. என் பாட்டனாருக்குப் பாட்டனார், பாய்மரத் தோணி ஒன்றை நடத்திப்போன தண்டையல், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்தக் காலத்து வழக்கப்படி எழுதியது. வெள்ளையர் அரசு மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடத்திய ஒரு பருவத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துக் கிடந்த முகாமில் வாந்திபேதி கண்டது. நோயாளிகளோடு புறப்பட்ட இவருடைய தோணியை அதிகாரிகள் புத்தளம் பக்கத்துத் தீவு ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே ஓலைக்கொட்டில் போட்டு நோயாளிகளை இறக்கினார்கள். தீவின் சனங்களை யாரும் கேட்கவில்லை. அங்கே கிடந்த நாட்களை அவர் எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்.

அதைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மலரில் சிறு கட்டுரை ஒன்று எழுதினேன். அது எப்படியோ புத்தளம் தில்லையடியில் இருக்கும் நஸீர் என்ற ஆசிரியரின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்து, அவர் என்னை அழைத்தார். அந்தத் தீவு அவருடைய அக்காளின் கணவரது ஊர். அங்கே வருடத்துக்கு ஒருமுறை, பேதியில் இறந்து ஒரே குழியில் போடப்பட்டவர்களுக்காகக் குர்ஆனிலிருந்து கத்தம் ஓதி, இறைவனிடம் துஆக் கேட்கிறார்கள். நாள், ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனுக்கு மறுநாள். இப்போது ஊரின் இளைஞர்கள் சிலர், ஆதாரமில்லாத நாளுக்கு ஓதக் கூடாது, நிறுத்துங்கள் என்கிறார்களாம். உங்கள் புத்தகத்தில் தேதி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஆண்டு எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. நாள் மட்டும் பிழைத்திருந்தது: ஸஃபர், பிறை இருபத்தேழு, வியாழன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைசிப் புதனுக்கு மறுநாள்தான். ஒரு காகிதமும் இல்லாமல் ஒரு தீவு இத்தனை தலைமுறையாக நாளைத் தவறாமல் வைத்திருந்தது. அதை நான் சொன்னபோது, தாளோடு நீங்களே வந்து ஊர் முன்னால் வாசியுங்கள் என்றார் நஸீர்.

அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை.

திங்கட்கிழமை, 2025 ஆகஸ்டு 18. கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பஸ் சிலாபத்தைத் தாண்டியதும் காற்று மாறியது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றன. நடத்துனர் ஊர்ப் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மூச்சில் கூவினார். பாலாவிச் சந்தியில், மணி 11.40க்கு, பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. எல்லோரும் இறங்கினோம். உப்பு லொறிகள் ஒரு பக்கம், சீமெந்து லொறிகள் மறு பக்கம். இரண்டின் தூசியும் என் சட்டையில் சமமாக விழுந்தது.

தேநீர்க்கடையில் மாலு பாண் என்று மீன் வைத்த ரொட்டி கிடைத்தது. எங்கள் ஊரில் பன்னுக்குள் தேங்காயும் சீனியும் வைப்பார்கள். இவர்கள் மீனையும் மிளகையும் வைக்கிறார்கள். பசிக்கு இதுவே மேல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி என் பேச்சைக் கேட்டு இந்தியாவா என்றார். இந்த வருடம் மழை உப்பைக் கெடுத்துவிட்டது, கப்பலில் இந்திய உப்பு வந்தது என்று சொல்லி, "உப்பளத்துக்கு நடுவில இருந்துகொண்டு உங்கட உப்பத் திங்கிறோம் நானா" என்று என்னை அண்ணனாக்கித் தன்னையே கேலி செய்துகொண்டார்.

தில்லையடிக்குப் போனபோது மணி 1.15. நஸீருக்கு ஐம்பது வயது இருக்கும். 1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த துணியோடு வந்த குடும்பம். அவருடைய மூத்த சகோதரி பரீதா, இங்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் தீவைச் சேர்ந்த ஜவ்பர் என்ற மீனவருக்கு வாழ்க்கைப்பட்டார். இப்போது கணவர் இல்லை. தம்பியின் வீட்டில் இருக்கிறார்.

சோறு, விளமீன் குழம்பு, பொரித்த கட்டாக் கருவாடு, முருங்கைக்கீரை. சாப்பிட்டு முடிந்ததும் தொதல் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பு வந்தது. எங்கள் ஊர்த் தொதலுக்கு நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். இதைத் தின்ற பிறகு கொஞ்சம் அடங்கிவிட்டேன்.

கதிரையில் உட்காருங்கள், பை அலுமாரியில் இருக்கட்டும் என்று நஸீர் போர்த்துக்கீசியச் சொற்களில் சொல்லும்போதெல்லாம் பறங்கியர் வீட்டுக்குள் நடமாடுவதுபோல் இருந்தது. அவர்கள் விட்டுப்போனவை சொற்கள் மட்டுமல்ல. மேகநோய்ப் புண்ணுக்கு நம் பழைய வைத்தியர்கள் பறங்கிப்புண் என்று பேர் வைத்தார்கள். இலங்கையில் இன்னொரு தோல்நோயையும் பறங்கி என்றே அழைத்தார்கள். இவை உண்மையில் கப்பலில்தான் வந்தனவா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சனங்கள் யாரைக் குற்றம் சொன்னார்கள் என்பதில் வாதமில்லை. வாந்திபேதியின் வழி இதைவிடத் தெளிவு. 1817இல் வங்கத்தில் பெரிதாகக் கிளம்பியது. படைகளோடும் கப்பல்களோடும் நகர்ந்து, ஓரிரு வருடங்களில் இலங்கைக் கரையைத் தொட்டது. முத்துக்குளிப்பு முகாம்கள் அதற்கு நல்ல தங்குமிடமாக அமைந்தன.

பரீதா தேநீர் கொண்டுவந்தார். கோப்பையை என் கையில் தரவில்லை. எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் போய் நின்றார். நான் கோப்பையை எடுத்த பிறகுதான் திரும்பிப் போனார். அந்நிய ஆணென்று கூச்சம் என நினைத்தேன். நஸீர் சிரித்தார். ராத்தா என்று அவர் சொல்வது அக்காளை.

"அது வெட்கமில்ல நானா. அந்தத் தீவுப் பழக்கம். ஆருக்கும் கையில குடுக்க மாட்டாங்க. இருபத்துநாலு வருஷம் அங்க இருந்து ராத்தாக்கும் ஒட்டிட்டு. எனக்கே சோத்த வச்சிட்டுத் தள்ளித்தான் நிப்பா."

தீவுக்கு எதிர்க்கரையான கல்பிட்டியில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்களாம். அந்தத் தீவில் பெண் எடுத்தால் பிள்ளையையும் மணலில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பாள் என்று. காரணம் என்ன என்று கேட்டேன். தீவாருக்கே தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்று தோன்றியது. குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் தண்டையல் எழுதியிருக்கிறார்: தீவார் தினமும் காலையில் சிரட்டைகளில் தண்ணீர் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள், நாங்கள் குடித்தோம். அப்படி விலகி நின்றும் அவர்களுக்குப் பேதி கண்டது.

அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தபோது ஜவ்பரைப் பற்றி நஸீர் சொன்னார். 2020 நவம்பரில் மூச்சுத்திணறலோடு கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மவுத்து. கொரோனா என்றார்கள். அந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து அடுத்த வருடம் பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. புதைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று பதில் சொன்னார்கள். குளிப்பாட்டல் இல்லை, கபன் துணி இல்லை, தொழுகை இல்லை. சாம்பலை வந்து எடுத்துப் போகும்படி பரீதாவுக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை.

மறு வருடமே அவர் தீவுப் பள்ளித் தலைவர் ஸுபைர் ஹாஜியாரிடம் ஒன்று கேட்டார். குழியில் கிடப்பவர்களின் பெயர்களைச் சொல்லித்தானே கத்தம் ஓதுகிறீர்கள், அவர்களும் குளிப்பாட்டாமல் போனவர்கள்தானே, அவர்களோடு என் கணவர் பெயரையும் சேர்த்து வாசியுங்கள் என்று. ஹாஜியார் மறுத்துவிட்டார். இது குழிக்குப் போனவர்களுக்கு ஓதும் கத்தம், ஜவ்பர் குழிக்குப் போகவில்லை என்றார். ஒவ்வொரு வருடமும் பரீதா கேட்கிறார். ஒவ்வொரு வருடமும் அதே பதில்.

"உங்கட தாள்ல ஏதாவது வழி இரிக்குமா எண்டுதான் ராத்தாக்கு ஆச" என்றார் நஸீர். நான் செருப்பைக் கழற்றுவதில் கவனமாக இருந்தேன்.

செவ்வாய், 19. காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நஸீர் பாடசாலை வேலையாகப் போய்விட்டார். தையல் விட்ட குறிப்புத் தாள்களை மேசையில் பரப்பி நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பரீதா தள்ளி நின்று, பார்க்கலாமா என்று கேட்டார். அரபுத்தமிழ் இந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் எல்லாத் தாள்களையும் மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். அந்தப் பழக்கம் எனக்கும் ஒரே நாளில் வந்திருந்தது.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, தடங்கலில்லாமல் வாசிக்கத் தொடங்கினார். மன்னாரில் சிறுவயதில் ஓதப்போன வீட்டில் தாலாட்டும் மார்க்கப் பாட்டும் அந்த எழுத்தில்தான் படித்தாராம். எனக்கு ஆறு மாதம் பிடித்த பக்கங்களை அவர் முக்கால் மணி நேரத்தில் முடித்தார். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. எனக்கு அந்த இடம் மனப்பாடம்.

தோண்ட ஆளில்லாதபடியால், துரையின் உத்தரவுப்படி, மவுத்தானவர்கள் எல்லோரையும் கொட்டிலுக்குள் வைத்துக் கொட்டிலோடே தீ வைத்தார்கள். எங்களவர் நால்வர். மற்றவர்கள் தண்ணீர் கொண்டுவந்த தீவார். மேலே சுண்ணாம்பும் மணலும் போட்டார்கள். ஸஃபர் பிறை இருபத்தேழு, வியாழன்.

குழி என்று ஒன்று இருந்ததே இல்லை. பயந்து அடுத்த கரைக்கு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது ஒரு மேட்டைப் பார்த்திருப்பார்கள். தங்கள் ஆட்களை அதற்குள் புதைத்திருக்கிறார்கள் என்று நம்பியிருப்பார்கள். வேறு எதை நம்புவது?

பரீதா அந்தப் பத்தியை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. தாள்களை வரிசையாக அடுக்கி மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே எவரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பியதும் கேட்டார்.

"தம்பிக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சொல்ல வேணாம். நாளைக்கு நானும் வாறன். அங்க போய்க் கதைப்பம்."

அதற்குப் பிறகு மீன் கழுவப் போய்விட்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பத்தியை ஊர் முன்னால் வாசித்தால் ஹாஜியாரின் பதில் விழுந்துவிடும். குழிக்குப் போகாதவர் ஜவ்பர் மட்டுமல்ல. அந்தத் தீவின் மூத்தவர்களும்தான். அவர்களையும் ஓர் அரசு எரித்தது. பெயரைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல அதன் பிறகு அவருக்கு என்ன இருக்கிறது? ஆனால் குழியே இல்லையென்றால் இளைஞர்கள் கேட்பதும் நடந்துவிடும். மேடும் வெறும் மேடாகிவிடும். தேதியும் தீயும் ஒரே பத்தியில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. என் வாழ்நாளில் நான் எந்த ஆவணத்தையும் பாதி வாசித்ததில்லை.

புதன், 20. கல்பிட்டிக்கு 8.30. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கிய கோட்டையை வெளியிலிருந்து பார்த்தேன். உள்ளே கடற்படை. கல் இன்னும் உறுதியாக நிற்கிறது. கட்டிய கல்லுக்கு வாந்திபேதி வருவதில்லை. களப்பில் வெள்ளைக்கார வாலிபர்கள் பெரிய வண்ணப் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பறந்தார்கள். இந்தக் காற்றுக்காகவே உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்களாம். அதே காற்றில் எங்கள் படகு உப்புத் தண்ணீரை முகத்தில் அள்ளி வீசிக்கொண்டு போனது.

பாதி வழியில் சாதாழைக் கடற்புல் விசிறியில் சுற்றி இயந்திரம் நின்றது. தண்ணீர் முழங்காலளவுதான். நானும் நஸீரும் படகோட்டியும் இறங்கித் தள்ளினோம். படகு நிறைய நீல நிறத் தண்ணீர்க் கலன்கள், கனம் தாங்கவில்லை. பரீதா கலன்களுக்கு நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தியாவில இரிந்து படகு தள்ளவா வந்தீங்க நானா" என்றார். இந்த நான்கு நாளில் அவர் செய்த ஒரே பகடி.

தீவில் கால் வைத்தபோது மணி 10.50. முப்பது வீடு இருக்கும். கரையில், மணலில் புதைத்த இரண்டு கால்களின்மேல் ஒரு பழைய கதவுப் பலகை. எழுபது வயதுள்ள ஒருவர் அதில் ஒரு குவளை தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளிப்போய், கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொன்னார். கை கொடுக்கவில்லை. அவர்தான் ஸுபைர் ஹாஜியார். குடித்துவிட்டுக் குவளையைப் பலகையில் வைத்துவிட்டு நானும் தள்ளிப்போனேன். அதைப் பார்த்து அவர் முகம் கொஞ்சம் இளகியது.

மூடிய கிணற்றைக் காட்டினார். தீவில் இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. பேதி வந்த வருடம் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சுண்ணாம்பு போட்டுத் தூர்க்கச் சொன்னாராம். பிறகு தோண்டிய கிணறெல்லாம் உவர். சோறு பொங்கவும் குடிக்கவும் அன்றிலிருந்து படகில்தான் தண்ணீர். பாதிக் குடும்பங்கள் அப்போதே கரைக்குப் போய்விட்டன. இருந்தவர்களுக்குப் பெண் கொடுக்க நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. "அகதி முகாமில இரிந்து ஜவ்பர் பொண்ணு எடுத்தது அதாலதான்" என்று பரீதாவுக்குக் கேட்காதபடி நஸீர் சொன்னார். அவருக்குக் கேட்டது என்றே நினைக்கிறேன்.

மேடு தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. சுற்றிவரச் சங்குகளும் முருகைக் கற்களும் பதித்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் யாரும் வீடு கட்டவில்லை. அங்கே முள்மரங்கள் காற்றுக்குக் குனிந்து நின்றன. மேட்டின்மேல் மட்டும் புல் முளைக்கவில்லை. சுண்ணாம்பு, என்று நினைத்துக்கொண்டேன், குறிப்பேட்டில் எழுதவில்லை.

வியாழன், 21. காலை ஒன்பதரைக்கு மேட்டருகில் தறப்பாள் பந்தல் கட்டிச் சனம் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், சேலை மறைப்புக்குப் பின்னால் பெண்கள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. ஹாஜியார் என்னை முன்னால் இருத்தி, தாளை வாசிக்கச் சொன்னார்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். முகாமில் நோய் கண்டது, தோணியைத் திருப்பியது, கொட்டில் போட்டது. தண்ணீரை மணலில் வைத்துவிட்டு விலகி நின்ற இடம் வந்தபோது கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு கிழவர் தன் இரு கைகளையும் திருப்பிப் பார்த்தார். அந்தத் தோணி எங்கள் குடும்பத்துத் தோணி, நோயை இறக்கியது எங்கள் ஆட்கள் என்பதையும் நானே சொன்னேன். மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

ஹாஜியார் யோசித்துவிட்டு, "அப்ப உங்கட ஆக்கள் கொண்டுவந்த வருத்தம். எங்கட ஆக்கள் குடுத்த தண்ணி" என்றார். நோயை அங்கே வருத்தம் என்பார்கள். குரலில் கோபம் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், நேற்றும் குடுத்தோம், என்றார். சிலர் சிரித்தார்கள். நான் தலை குனிந்துகொண்டேன்.

பிறகு, ஏழாம் பக்கத்தின் தேதியை மட்டும் முதலில் வாசித்தேன். ஸஃபர், பிறை இருபத்தேழு, வியாழன். அல்ஹம்துலில்லாஹ் என்று பல குரல்கள். நிறுத்தச் சொன்னவர்களில் ஒருவரான முப்பது வயது மீனவர் எழுந்தார். மரியாதையான ஆள். நாள் சரி, ஒப்புக்கொள்கிறோம் என்றார்.

"இன்னும் ஒண்டு. குழி எண்டு அதுல இரிக்கா? இங்கதான் அடக்கினாங்க எண்டு எழுதி இரிக்கா?"

காற்றில் தறப்பாள் அடித்துக்கொண்டது. ஏழாம் பக்கம் என் கையில் இருந்தது. தேதிக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் அந்த இடம். வாயைத் திறந்தேன். சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து பரீதாவின் குரல் வந்தது.

"அந்த இடத்தக் கரையான் தின்டிட்டு ஹாஜியார். நான் படிச்சுப் பாத்த. திகதி மட்டுந்தான் தப்பி இரிக்கி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தை உயர்த்தி, மூலையில் கரையான் தின்ற இடத்தைக் காட்டினேன். அந்த ஓட்டை வழியாக வெயில் என் மடியில் விழுந்தது. மீனவர் உட்கார்ந்தார். தேதி இருக்கிறதே, அது போதும் என்று ஹாஜியார் முடித்தார்.

கத்தம் ஓதினார்கள். பெயர்களை வாசித்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்வழியாக வந்த பெயர்கள். சிலவற்றுக்குத் தகப்பன் பெயர் இல்லை, சிலருக்கு 'இன்னாரின் பெண்சாதி' என்பதே பெயர். ஜவ்பரின் பெயர் இல்லை. பரீதா கேட்கவும் இல்லை. இந்த வருடம் கேட்காததை ஹாஜியார் கவனித்தார் என்று நினைக்கிறேன். கடைசிப் பெயருக்குப் பிறகு சேலை மறைப்பைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நிறுத்தினார்.

துஆ முடிந்ததும், வீட்டுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் கொண்டுவந்து மேட்டைச் சுற்றி வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இதற்கும் அதுவரை காரணம் தெரியாமல்தான் செய்துவந்தார்கள். படகில் வரும் தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தாமல் வைத்தார்கள். எல்லோரும் வைத்து முடிந்தபின் பரீதா வந்தார். அவருடைய சிரட்டையை வரிசையில் வைக்கவில்லை. இரண்டடி தள்ளி, தனியாக மணலில் வைத்தார். வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனார். ஹாஜியார் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கச் சொல்லவில்லை. வரிசையில் சேர்க்கவும் சொல்லவில்லை. கையை நெஞ்சில் வைத்துவிட்டுக் கஞ்சி பங்கிடப் போனார்.

மூன்று மணிக்குப் படகு ஏறினோம். காற்று இப்போது முதுகில். நஸீர் முன்னால் படகோட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். பெயர் சேரவில்லையென்று அவருக்கு வருத்தம். காலிக் கலன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தின் மறைவில் பரீதாவிடம் கேட்டேன். அந்தப் பத்தியை வாசித்திருந்தால் உங்கள் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்களே.

அவர் தீவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேத்திருப்பாங்க. எனக்கு அஞ்சு வருஷமாப் போய் நிக்க ஓரிடம் இல்ல நானா. அது எப்படி எண்டு எனக்குத் தெரியும். முப்பது வீட்டுக்கும் அது தெரிய வேணுமா?"

பிறகு, "அவங்களுக்கு ஒரு குழி இரிக்கட்டும்" என்றார்.

வெள்ளைக்கார வாலிபர்கள் இன்னும் களப்பில் பறந்துகொண்டிருந்தார்கள். கல்பிட்டி இறங்குதுறைக்கு 4.25.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன், தில்லையடியில், கதிரையில் உட்கார்ந்து அன்றைய பதிவை எழுதினேன். நாளை எழுதினேன். மணியை எழுதினேன். ஊரின் பெயர் எழுதும் இடத்துக்கு வந்தேன். உண்மையை எழுதாமலும் இருக்க முடியாது, அந்த முப்பது வீட்டின் வாசலில் கொண்டுபோய் அதை வைக்கவும் முடியாது. பரீதா தேநீரை முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த இடத்தில், கரையான் தின்றது, என்று எழுதிவிட்டுக் கோப்பையை எடுத்தேன்.